முகம் வருகிறது, ஆள் வரமாட்டேங்கிறார்: பென்சில் பிடிக்கிறவர்கள் வாருங்கள்

#1 பாளை_கிறுக்கல்

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வேலை விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, எதிரே நிற்கிறவர்களின் முகத்தை வரைவது பழக்கமாகிவிட்டது. முறையாகப் படித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் பீரியட் என்றால் கணக்கு சார் வந்து நிற்பார், அந்தத் தலைமுறை.

பிரச்சினை இதுதான். தனித்தனியாகப் பார்த்தால் கண் சரி, மூக்கு சரி, வாயும் பரவாயில்லை. மொத்தமாகப் பார்த்தால் யாரோ ஒரு ஆள். அப்பாவை வரைந்து காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது உங்க பெரியப்பா மாதிரில்லா இருக்கு" என்றாள். உருண்டை போட்டு, குறுக்குக்கோடு போட்டு, தாடையை இழுக்கிற லூமிஸ் முறையையும் வீடியோ பார்த்துப் பழகினேன். முகம் வருகிறது, ஜாடை வரவில்லை.

கையில் இருப்பது எச்பி, 2பி, 6பி பென்சில், சாதா நோட்டு. எதை மாற்ற வேண்டும்? பொருளையா, பழக்கத்தையா?

#2 டிராயிங்_வாத்தியார்

தம்பி, பெரியப்பா வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்றால் அது கெட்ட செய்தி இல்லை. குடும்பத்து எலும்பு பிடிபட்டிருக்கிறது, அப்பாவுக்கே உரியது மட்டும் பாக்கி.

கண், மூக்கு என்று ஒவ்வொன்றாக வரைகிறீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜாடை அவற்றில் இருப்பதைவிட அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் அதிகம். புருவத்துக்கும் இமைக்கும் நடுவே எவ்வளவு இடம், மூக்கடியிலிருந்து மேலுதடு எவ்வளவு தள்ளி, உதட்டுக்குக் கீழே தாடை எவ்வளவு நீளம், இதைப் பாருங்கள். சுலோச்சன முதலியார் பாலத்தில் அந்தக் கோடியில் வருகிற சிநேகிதனை இந்தக் கோடியில் நின்றே அடையாளம் கண்டுகொள்கிறோம். அவ்வளவு தூரத்தில் கண்ணிமை, மூக்குத் துவாரம் எதுவும் தெரியாது. தெரிவது தலையின் வடிவம், நிழல் விழுந்த இடங்கள், நடை. அதனால் முதலில் கண்ணைப் பாதி இடுக்கிக்கொண்டு பாருங்கள். நுணுக்கம் மறைந்து இருட்டுத் திட்டுகள் மட்டும் நிற்கும். கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், கீழுதட்டின் அடி, கழுத்து. அந்தத் திட்டுகளை மட்டும் வரைந்து நிறுத்துங்கள். இமைமயிர் எல்லாம் அப்புறம்.

விதிகள் தெரிந்திருக்கும். கண் தலை உயரத்தின் நடுவில் வரும் (புதிதாக வரைகிறவர்கள் எல்லாரும் மேலே ஏற்றிவிடுவார்கள்), முகத்தின் அகலம் சுமார் 5 கண், இரண்டு கண்ணுக்கும் நடுவே 1 கண். நம் ஸ்தபதிகளுக்கும் கணக்கு உண்டு. முகம் 12 அங்குலம் (இன்ச் இல்லை, சிலைக் கணக்கில் ஒரு பங்கு). நெற்றி 4, மூக்கு 4, மூக்கடியிலிருந்து தாடை வரை 4. ஆனால் அது சாமிக்கு. மனிதனுக்கு இந்த மூன்றும் சமமாக இருப்பது அபூர்வம். அப்பாவுக்கு எந்தப் பங்கு கூடுதல், எது குறைச்சல் என்று பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்து பாருங்கள். விதியிலிருந்து அவர் விலகுகிற இடம் எதுவோ அங்கேதான் அவர் இருக்கிறார்.

#3 களக்காட்டான்

இவ்வளவு பாடு எதற்கு? போட்டோ எடு, கட்டம் போடு, தாளிலும் கட்டம் போடு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரை. ஜாடை தானாக வரும். பிறந்தநாள், கல்யாணநாள் என்று ஆர்டர் எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதுவரை யாரும் பெரியப்பா மாதிரி இருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

#4 அம்பைக்காரி

நான் செங்கோட்டை பாசஞ்சரில் போய்வருகிறவள். தூங்குகிறவர்கள்தான் என் மாடல்கள். ஜங்ஷனில் ஏறி உட்கார்ந்தவர் பேட்டை தாண்டுவதற்குள் கண் அயர்ந்துவிடுவார். சேரன்மகாதேவியில் சத்தம் கேட்டு ஒரு தடவை கண் திறப்பார், அதுவரைக்கும் எனக்கு நேரம்.

தூங்குகிற முகத்தில் கண்ணே இல்லை. அப்படியிருந்தும் ஆளைத் தெரிகிறது. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வாய் எந்த ஓரத்தில் முதலில் தளர்கிறது, மோவாய் நெஞ்சில் முட்டுகிறதா, தலை பின்னால் சரிந்து தொண்டைக்குழி தெரிகிறதா, இதிலேயே பாதி ஆள் வந்துவிடுவார். உச்சந்தலையிலிருந்து கழுத்து வரை ஒரே ஒரு சாய்வுக் கோட்டை முதலில் போடுவேன். அது சரியாக விழுந்தால் மிச்சம் எல்லாம் அதில் தொங்கிக்கொள்ளும்.

பென்சில் எடுத்துப்போவதில்லை, பால்பாயிண்ட் பேனாதான். ரப்பர் கையில் இருந்தால் இடது கண்ணை அழித்து அழித்து வரைவதற்குள் ஆள் இறங்கிப் போய்விடுவார்.

களக்காட்டான் தம்பி, உங்கள் கட்ட முறையில் ஜாடை வருகிறது என்பது சரி. போட்டோவின் ஜாடை.

#5 ஸ்டூடியோ_அண்ணாச்சி

அந்தக் கடைசி வரி என் தொழிலைத் தொடுகிறது, அதனால் நானும் வருகிறேன். டவுனில் ரொம்பக் காலம் ஸ்டூடியோ வைத்திருந்தவன்.

செல்போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் எடுத்த படத்தைப் பார்த்து வரையாதீர்கள். மூக்கு பெருக்கும், காது பின்னால் ஓடும். தப்பு லென்ஸில் இல்லை, தூரத்தில். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நாலைந்து அங்குலம் வித்தியாசம். ஒரு அடியில் நின்று எடுத்தால் அது பெரிய பங்கு, ஆறு அடியில் நின்றால் பொருட்டே இல்லை. ஆகவே ஆறடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். ஃப்ளாஷ் போட்டால் நிழல் செத்துப்போகும். வாத்தியார் சொன்ன இருட்டுத் திட்டு ஒன்றுகூட மிஞ்சாது.

இன்னொன்று. பிலிம் காலத்தில் நாங்களும் பென்சில் பிடித்தவர்கள்தான். நெகட்டிவின் மேலேயே ஊசி போலச் சீவிய பென்சிலால் ரீடச் செய்வோம். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளம், நெற்றிச் சுருக்கம், அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் இப்படி மூடிவிடலாம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்துக்கு இதுதான் முக்கிய வேலை. கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் தழும்போடு சேர்ந்து ஆளும் போய்விடுவார். பிரிண்டை வாங்கிப் பார்த்து, "நல்லா இருக்கு, ஆனா யாரு?" என்று கேட்ட வீட்டுக்காரர்கள் உண்டு.

#6 சைக்காலஜி_மாணவி

நான் வரைகிறவள் இல்லை, வாசிக்க வந்தேன். ஆனால் இது உபயோகப்படலாம். முகத்தை மட்டும் மூளை மொத்தமாக ஒரே மூச்சில் படிக்கிறது. தலைகீழாக்கினால் அந்தத் திறமை படுத்துக்கொள்ளும். 1980ல் பீட்டர் தாம்சன் என்பவர் அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்ணையும் வாயையும் மட்டும் வெட்டிக் கவிழ்த்து ஒட்டினார். படத்தைத் தலைகீழாகக் காட்டினால் யாருக்கும் பெரிதாக வித்தியாசம் படாது. நேராகத் திருப்பினால் பயங்கரமாக இருக்கும்.

வரைகிறவர்களுக்கு இதன் பலன்: போட்டோவையும் தாளையும் தலைகீழாக வைத்து வரைந்தால் "கண் என்றால் இப்படி இருக்கும்" என்ற நினைப்பு குறுக்கே வராது. வெறும் கோடும் கோணமும்தான் தெரியும்.

#7 களக்காட்டான்

அப்படியென்றால் கட்டமும் அதே வேலையைத்தானே செய்கிறது? மூளையை ஏமாற்றுகிறது. அமெரிக்காவில் சக் க்ளோஸ் என்று ஒரு ஓவியர். முகங்களை அடையாளம் காண முடியாத குறை அவருக்கு. அவர் வரைந்ததெல்லாம் சுவர் உயர முகங்கள், போட்டோவில் கட்டம் போட்டுத்தான். உலகம் கொண்டாடுகிறது. களக்காட்டில் ஒருத்தன் செய்தால் மட்டும் இளக்காரமா?

#8 டிராயிங்_வாத்தியார்

இளக்காரம் யாரும் செய்யவில்லை. கட்டம் நல்ல கருவி. க்ளோஸ் போட்டோவை மறைக்கவும் இல்லை, அந்தக் கட்டத்தையே ஓவியமாக்கிக் காட்டினார். ஆனால் தம்பி கேட்டது பஸ் ஸ்டாண்டில் வரைவதைப் பற்றி. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மேல் எங்கே கட்டம் போடுவது?

#9 பாளை_கிறுக்கல்

சார், கண்ணை இடுக்கிப் பார்க்கிறது வேலை செய்கிறது. அப்பாவுக்கு மூக்கடியிலிருந்து உதடு வரை நீளம், தாடை குட்டை. இத்தனை வருஷம் தினம் பார்த்த முகத்தில் இதை நான் கவனித்ததே இல்லை. பெரியப்பாவுக்கு நேர் எதிர்.

இப்போது புதுச் சிக்கல். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி. காது வளர்த்துப் பாம்படம் போட்டிருந்தவர். நகையைக் கழற்றி வெகுகாலமாகிவிட்டது. வெறும் காது மட்டும் தோளைத் தொடுகிற மாதிரி தொங்குகிறது. கேட்டதும் திண்ணையில் உட்கார்ந்து கொடுத்தார். காது புருவ மட்டத்தில் ஆரம்பித்து மூக்கடியில் முடியும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். ஆச்சியின் காதுக்கு அந்த வீடியோ எதுவும் செல்லாது. நான் வரைந்தது கன்னத்தில் ரப்பர் பேண்டை மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறது.

#10 டிராயிங்_வாத்தியார்

நல்ல ஆளைப் பிடித்தீர்கள். அந்தக் காதுகள் இன்னும் கொஞ்ச காலத்துக்குத்தான் திண்ணையில் இருக்கும். வரைந்து வையுங்கள்.

மேல்காது விதிப்படிதான் இருக்கும், கவனித்துப் பாருங்கள். மாறுவது சோணை, அதாவது காதின் கீழ்மடல் மட்டும். அதை ஒரே தடிமனான வளையமாகப் போட்டிருப்பீர்கள். தோல் அப்படி இருக்காது. கன்னத்தோடு சேருகிற முன்பக்கம் தடிப்பு, கீழே வளைகிற இடம் மெல்லிசு, பின்பக்கம் மேலே ஏறும்போது லேசாக முறுக்கிக்கொண்டு போகும். நகை போன பிறகு எடை இல்லாததால் வளைவு வட்டமாக நிற்காது, கொஞ்சம் துவண்டு ஒட்டிக்கொள்ளும். வழி இதுதான்: காதை வரையாதீர்கள். அந்த ஓட்டை வழியாகத் தெரிகிற கழுத்தின் நிழலை ஒரு வடிவமாக வரையுங்கள். அப்புறம் வெளி ஓரத்துக்கு ஒரே கோடு. நடுவில் மிஞ்சுவது காது.

#11 அம்பைக்காரி

எங்கள் பாட்டியிடம் பாம்படம் இருந்தது. சதுரமும் உருண்டையும் அடுக்கின மாதிரி, உள்ளே அரக்கு, மேலே பொன் தகடு. அது போட்டிருக்கும் யாராவது கிடைத்தால் விடாதீர்கள். சுருங்கின கன்னத்துக்குப் பக்கத்தில் அந்த நறுக்கென்ற விளிம்புகள், பென்சிலுக்கு அதைவிட விருந்து கிடையாது. பாட்டி தலையாட்டிப் பேசும்போது அது கன்னத்தில் இடிக்கும், அதனால் பேச்சை நிறுத்தித்தான் தலையைத் திருப்புவாள்.

#12 பாளை_கிறுக்கல்

ஓட்டையின் நிழலை வரையச் சொன்னது மந்திரம் மாதிரி இருந்தது சார். காது நின்றுவிட்டது.

ஆனால் ஆச்சிக்குக் காட்டினால் முதல் கேள்வி, "ஏம்ல, நான் இம்புட்டுக் கறுப்பாவா இருக்கேன்?" பக்கத்தில் இருந்த பேத்தி வேறு, "அண்ணே, கொஞ்சம் அழிச்சு விடுங்க" என்கிறாள். என்ன செய்ய?

#13 களக்காட்டான்

அழித்துவிட வேண்டியதுதான். என் அனுபவத்தில் நிறத்தை ஒரு படி குறைக்காத படத்துக்குக் காசு வராது. வாடிக்கையாளர் கேட்பது அவர் முகத்தை இல்லை, அவர் மனதில் இருக்கும் முகத்தை.

#14 அம்பைக்காரி

பொழுதுபோக்காக வரைகிறவருக்கும் இதே விதியா? காசு வாங்காமல் வரைவதில் உள்ள ஒரே சுகம் பார்த்ததைப் பார்த்தபடி போடலாம் என்பதுதான். அதையும் விட்டுவிட்டால் பேசாமல் அலங்காரக் கோலம் போடப் போகலாம்.

#15 ஸ்டூடியோ_அண்ணாச்சி

சண்டை வேண்டாம். இதற்கு வேர் எங்கே என்று நான் சொல்கிறேன். கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898–1976) இருந்தார். அப்போது கோவில்பட்டி நம் திருநெல்வேலி மாவட்டம்தான், தூத்துக்குடி பிரிந்தது 1986ல். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்ட மனிதர். அவரும் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீட்டுக்கு வீடு போயின. ரோஸ் கன்னம், சுருக்கமே இல்லாத நெற்றி, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாத வெளிச்சம். சாமிக்கு அது பொருத்தம், கை எடுத்துக் கும்பிடத்தான் தோன்றும். ஆனால் மூன்று தலைமுறை அந்த முகத்தைப் பார்த்தே காலையில் கண் விழித்தது. "அழகான படம்" என்றால் நம் ஆட்களுக்கு அந்த முகம்தான் அளவுகோல். ஸ்டூடியோவில் என்னிடம் கேட்டதும் அதையேதான்.

#16 டிராயிங்_வாத்தியார்

அண்ணாச்சி சொன்னதோடு தொழில்முறையில் ஒன்று. ஆச்சி கேட்டதில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். கறுத்த முகம் என்றதும் முழு முகத்தையும் 6பி-யால் தேய்த்து இருட்டாக்கியிருந்தால், அது கறுப்பு நிறம் ஆகாது, கரி பூசின முகம். நம் தோலில் வெளிச்சம் பட்ட இடம் சிவந்த தோலைவிடப் பளிச்சென்று துள்ளும். நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்குத்தண்டு, கீழுதட்டின் நடு. இந்த இடங்களை முதலிலிருந்தே தொடாமல் காப்பாற்றுங்கள். நடுத்தரச் சாயலையும் ஆழ்ந்த நிழலையும் பிரித்து வையுங்கள். அப்படிச் செய்தால் நிறத்தைக் குறைக்காமலே முகம் ஒளியாக இருக்கும்.

வெள்ளைத் தாள் உதவாது. அதன் வெளுப்புக்குப் பக்கத்தில் எந்த நிறமும் அட்டைக்கரியாகத்தான் தெரியும். பார்சல் சுற்றுகிற பழுப்புத் தாளை வாங்குங்கள். தாளின் நிறமே முகத்தின் நடுச் சாயல். நிழலுக்குக் கரி, வெளிச்சத்துக்கு வெள்ளைப் பென்சில். சாதா பென்சிலை அழுத்தினால் பளபளப்பு வந்து ஒரு கோணத்தில் சாம்பலாகத் தெரியும். கரியில் அது இல்லை. ஆனால் பென்சில் பட்ட வழவழப்பின் மேல் கரி ஒட்டாது, ஆகவே ஆரம்பமே கரியில் இருக்கட்டும்.

எஸ். இளையராஜாவின் படங்களைத் தேடிப் பாருங்கள். கும்பகோணம் பக்கத்துக்காரர், 2021ல் கொரோனாவில் போய்விட்டார். வீட்டுக்குள் பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் நிற்கிற கிராமத்துப் பெண்கள். ஒருத்தியைக்கூட வெளுக்க வைக்கவில்லை. யாராவது அதை அழகில்லை என்று சொன்னார்களா?

#17 மேலப்பாளையத்தான்

தொழில்நுட்பம் எல்லாம் சரி, அடி வாங்காமல் வரைவது எப்படி என்று யாராவது சொல்லுங்கள்! எங்கள் ஊர் செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தையில் வரைவேன். அருமையான இடம். ஆட்டின் பல்லைப் பார்க்கிறவர், மடியில் பணம் எண்ணுகிறவர், விலை படியாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறவர். எல்லாருக்கும் கண் ஆட்டின் மேல், நம்மை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்துவிட்டால்தான் வில்லங்கம். ஒருத்தர் நேராக வந்து, "என்ன வே எழுதுதீரு? எந்த ஆபீசு?" என்றார். நோட்டைக் காட்டினேன். பார்த்தார், அதற்குப் பிறகு அவருடைய மச்சினனையும் வரையச் சொல்லி ஒரே தொந்தரவு.

#18 அம்பைக்காரி

உங்களுக்கு மச்சினனோடு போயிற்று. முன்பின் தெரியாத பெண்ணை ஒரு ஆண் பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தால், கையில் நோட்டு இருக்கிறது என்பதால் அது வேறாகிவிடாது. கேட்டுவிட்டு வரையுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

#19 களக்காட்டான்

கேட்டால் உடனே விறைத்துக்கொண்டு ஐடி கார்டு முகம் வைப்பார்கள் அக்கா. அதுவும் போக, பாசஞ்சரில் தூங்குகிறவர்களிடம் நீங்கள் கேட்டீர்களா?

#20 அம்பைக்காரி

கேட்கவில்லை. கேள்வி நியாயம்தான். அந்த நோட்டு எங்கள் வீட்டு அலமாரியை விட்டு வெளியே போனதும் இல்லை, இந்த இழையில் ஒரு பக்கம்கூட நான் ஏற்றவில்லை பாருங்கள். யாராவது விழித்துப் பார்த்துவிட்டால் காட்டுவேன். பிடிக்கவில்லை என்றால் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். விறைப்புக்கு வழி உண்டு: சம்மதம் வாங்கிக்கொண்டு, வரையாமல் சும்மா பேச்சுக் கொடுங்கள். மழை பெய்ததா, அணையில் தண்ணீர் எவ்வளவு. அவர் முகம் தளர்ந்துவிடும்.

#21 களக்காட்டான்

சரி, நான் ஒரு உதவி கேட்டு வந்திருக்கிறேன். இங்கே கிண்டல் செய்கிறவர்கள் இப்போதே செய்து முடித்துவிடுங்கள். பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். படத்திறப்புக்குப் படம் வேண்டும் என்கிறார் மகன். வீட்டில் இருப்பது வாக்காளர் அட்டை ஒன்றுதான். நகத்தளவு முகம், அதுவும் கறுப்புத் திட்டு. கட்டம் போட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் புகைதான் பெரிதாகிறது.

#22 ஸ்டூடியோ_அண்ணாச்சி

இல்லாததைக் கட்டம் தராது. அந்தப் படத்திலிருந்து தலையின் வடிவம், முடி ஏறின நெற்றி, காது விலகியிருக்கிறதா ஒட்டியிருக்கிறதா, இவ்வளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கல்யாண ஆல்பம் எதிலாவது கூட்டத்தோடு நிற்கிறாரா என்று சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். பந்தியில் உட்கார்ந்த படத்தில் கட்டாயம் இருப்பார். அதோடு கூடப்பிறந்த தம்பியோ மகளோ இருந்தால் ஜன்னல் பக்கம் உட்கார வைத்து மூக்கையும் தாடையையும் அவர்களிடமிருந்து பாருங்கள்.

#23 டிராயிங்_வாத்தியார்

மகனிடம் "அப்பா எப்படி இருப்பார்" என்று கேட்காதீர்கள், "நல்லா இருப்பாரு" என்பார். வரைந்ததை வைத்துக்கொண்டு "இதில் எது அவர் இல்லை" என்று கேளுங்கள். வாய் திறப்பார்கள்.

#24 களக்காட்டான்

செய்தேன். தம்பிக்காரரை உட்கார வைத்துத்தான் வரைந்தேன், அண்ணாச்சி சொன்னபடி ஒரு பந்திப் படமும் கிடைத்தது. வீட்டம்மாவிடம் காட்டி எது அவர் இல்லை என்று கேட்டேன். "மீசை அவ்வளவு ஒழுங்கா இருக்காது. வலது பக்கம் எப்பவும் மென்னுக்கிட்டே இருப்பாரு" என்றார்கள். வலது பக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக் கலைத்தேன். மகன் வந்து, "நெற்றியில் விபூதி போடுங்க, அதோட நிறத்தைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அம்மா ஒரு அதட்டு அதட்டினார்கள். நிறம் அப்படியே இருக்கிறது.

#25 பாளை_கிறுக்கல்

களக்காட்டான் அண்ணே, சிலிர்த்துவிட்டது.

வாத்தியார் சார், ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணாபுரம் கோயிலுக்கு நோட்டோடு போகலாம் என்று நினைக்கிறேன். கல் முகம் அசையாது, அளந்து பார்க்க வசதி. கரியும் வேண்டும், கடையில் கேட்டால் முழிக்கிறார்கள்.

#26 டிராயிங்_வாத்தியார்

போங்கள். குறவன் அரசகுமாரியைத் தோளில் தூக்கிப் போகிற தூணுக்கு முன்னால் உட்காருங்கள். நாயக்கர் காலத்து வேலை, கை நரம்பு வரைக்கும் எடுத்திருக்கிறான். காலை வெளிச்சம் பக்கவாட்டில் வரும்போது வரைந்தால்தான் நிழல் கிடைக்கும். உச்சிப்பொழுதில் நடையும் சாத்திவிடுவார்கள்.

கரிக்குக் கடை வேண்டாம். பழைய ஓவியர்கள் புளியங்குச்சியைச் சுட்டுத்தான் வரைந்தார்கள். பென்சில் தடிமனில் காய்ந்த குச்சிகளைத் தோல் உரித்து, மூடியுள்ள தகர டப்பாவில் நெருக்கி அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை. அடுப்பில் வைத்தால் ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் இறக்கி, நன்றாக ஆறின பிறகு திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். வீட்டுக்குள் செய்யாதீர்கள், புகை நெடி போகாது.

#27 மேலப்பாளையத்தான்

ஞாயிற்றுக்கிழமைக்கு நானும் வருகிறேன். திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறுகிறவர்கள், கிருஷ்ணாபுரத்தில் நிற்குமா என்று கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குச்சி நான் கொண்டுவருகிறேன், எங்கள் கொல்லையில் புளியமரம் நிற்கிறது. டப்பா யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.